கிட்டார் வாங்கும் முன்: சத்தத்தையும் நாதத்தையும் தனித்தனியே கேட்டறியும் முறை

நான் சொந்தப் பணத்தில் முதன்முதலாக வாங்கிய கிட்டார், அன்று அந்தக் கடையில் தொங்கிய எல்லாவற்றிலும் உரக்க ஒலித்தது; அதனால்தான் அதை வாங்கினேன். தரை முழுவதும் டைல்ஸ், முன்பக்கம் முழுவதும் கண்ணாடி, மற்ற மூன்று பக்கமும் வெறும் சுவர் என்றிருந்த அந்தச் சேலத்துக் கடையில், ஒரு கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) அடித்தால் சத்தம் நாலாபுறமும் தெறித்துத் திரும்பி வந்தது. அஸ்தம்பட்டியில் மெத்தையும் துணிக்கொடியும் புத்தக அலமாரியுமாக இருந்த என் அறைக்குக் கொண்டுவந்து வாசித்தபோது, மெல்லிய கம்பிகள் இரண்டும் கீச்சென்று குத்தின. தடித்த கம்பிகளிலிருந்து சுரத்தைவிடத் தட்டல் ஓசையே அதிகம் வந்தது. கிட்டாரில் பழுது ஒன்றும் இல்லை. சத்தத்தை நான் நாதம் என்று எண்ணி வாங்கியதுதான் தவறு.

அதற்குப் பிறகு நண்பர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் துணையாகப் பலமுறை கடைகளுக்குப் போய்வந்திருக்கிறேன். இந்த இரண்டையும் பிரித்து, முதலில் சத்தத்தையும் பிறகு நாதத்தையும் சோதிப்பதற்கு நான் கடைப்பிடிக்கும் வரிசையை இங்கே எழுதுகிறேன். இதற்கு நன்றாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மூன்று கார்டு பிடிக்கத் தெரிந்தால் போதும், ஒரு கார்டும் தெரியாதவர் தெரிந்த ஒருவரை அழைத்துப் போனால் போதும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

பள்ளி ஆய்வகத்தில் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்தது நினைவிருக்கும். காற்றில் பிடித்தால் அதன் ஓசை பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. அதன் காம்பை மேசைமீது ஊன்றினால் அறை முழுவதும் கேட்கும். கிட்டாரின் கம்பியும் அப்படித்தான். மெல்லிய கம்பி காற்றைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர, அதைத் தள்ளுவதில்லை. கம்பியின் அதிர்வு, அது சார்ந்து நிற்கும் சிறு பட்டையான சாடில் வழியாக, அந்தப் பட்டை பதிந்த மரக்கட்டையான பிரிட்ஜுக்கும், பிரிட்ஜிலிருந்து மேற்பலகைக்கும் இறங்குகிறது. வீணையில் குதிரை செய்கிற வேலையை இங்கே பிரிட்ஜ் செய்கிறது. அகலமான அந்தப் பலகைதான் காற்றைத் தள்ளிச் சத்தமாக மாற்றுகிறது. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றும் ஒலித்துளை வழியாகச் சேர்ந்து மூச்சுவிட்டு, தடித்த கம்பிகளின் சுரங்களுக்கு வலுவூட்டுகிறது.

மேற்பலகை மெல்லியதாகவும் லேசாகவும் இருந்தால் எளிதில் அசைந்து உரக்க ஒலிக்கும். ஆனால் சாதாரண 12 கேஜ் (மெல்லிய முதல் கம்பியின் தடிமன் 0.012 அங்குலம்) கம்பித் தொகுதி ஒன்றின் மொத்த இழுவிசை 70 கிலோவுக்கு மேல் இருப்பதால், அதைத் தாங்குவதற்குப் பலகையின் அடியில் சட்டங்கள் ஒட்டப்படுகின்றன. இன்றைய இரும்புக் கம்பிக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் காணப்படும், பெருக்கல் குறி போன்ற சட்ட அமைப்பு 1840களில் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் பட்டறையில் உருப்பெற்றது. மலிவான கிட்டார்களில், உடைந்து திரும்பி வந்துவிடக் கூடாது என்ற அச்சத்தால், பலகையையும் சட்டத்தையும் தேவைக்கு மேல் தடிமனாக வைத்துவிடுகிறார்கள். கடையில் ‘டொக்’ என்று ஒலிக்கும் கிட்டார்கள் பலவற்றுக்கும் நோய் இதுதான்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். கம்பியை ஒருமுறை மீட்டும்போது நாம் கொடுக்கும் ஆற்றல் ஓர் அளவுக்குட்பட்டது. அதைப் பலகை சட்டென்று சத்தமாக மாற்றிவிட்டால் சுரம் உரக்க எழுந்து சீக்கிரம் அடங்கும். மெதுவாக மாற்றினால் சத்தம் குறைவாக இருந்து கார்வை, அதாவது சுரம் நீடித்து ஒலிக்கும் நேரம், நீளும். இரண்டையும் ஒருசேர உச்சத்தில் எதிர்பார்க்கக் கூடாது. உங்களுக்கு எது வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. கூட்டமாகப் பாடுபவர்களுக்குத் துணையாக அடித்து வாசிப்பவருக்குச் சத்தம் முக்கியம். தனியாக உட்கார்ந்து விரலால் மீட்டுபவருக்குக் கார்வை முக்கியம்.

கடைக்குப் போகும் நேரமும் கையில் இருக்க வேண்டியவையும்

ஐந்து ரோடு, நான்கு ரோடு போன்ற இடங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் பஸ் ஹாரனுக்கு நடுவே எந்தக் கிட்டாரையும் சோதிக்க முடியாது. வாரநாளில், கடை திறந்த முதல் ஒரு மணி நேரத்திற்குள் போங்கள். அப்போது கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். தறிக்கூடத்தில் வேலை செய்பவர்கள் ஷிஃப்ட் முடிந்த கையோடு நேராகப் போக வேண்டாம். அந்த இரைச்சலுக்குப் பிறகு சில மணி நேரத்துக்குக் காது மந்தமாக இருக்கும், குறிப்பாக மெல்லிய கம்பிகளின் ஓசை சரியாக விழாது. ஓர் இரவு உறங்கி எழுந்த காதுதான் நம்பத்தக்கது.

சுருதி பார்க்கும் செயலியும் சத்தம் அளக்கும் செயலியும் உள்ள போன், கம்பியை மீட்ட உதவும் நடுத்தரத் தடிமனுள்ள சிறு தகடான ஒரு பிக், ஒரு விசிட்டிங் கார்டு, மில்லிமீட்டர் குறித்த சிறிய அளவுகோல், முடிந்தால் ஓர் இசைக்கவை ஆகியவை பையில் இருக்கட்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், உடன் வரும் ஒருவர். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கண்ணால் பார்க்க வேண்டியது

ஒலித்துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பலகையில் ஓடும் மரவரிகள் விளிம்பில் திரும்பி, பலகையின் தடிமன் வழியாகவும் தொடர்ந்தால் அது முழுப்பலகை, அதாவது சாலிட் டாப். பிளைவுட் போல மூன்று அடுக்கு தெரிந்தால் ஒட்டுப்பலகை. யமஹா எஃப்310 ஒட்டுப்பலகையால் ஆனது; அதே நிறுவனத்தின் எஃப்ஜி800 ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் முழுப்பலகையால் ஆனது. வசதி உள்ளவர்களுக்கு இரண்டுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசத்தைக் கொடுக்கலாம் என்றே நான் சொல்வேன். ஏனெனில் மேற்பலகைதான் கிட்டாரின் குரல். பின்பலகை மரத்துக்காக அந்த அளவுக்குப் பணம் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. 1969இல் மார்ட்டின் நிறுவனம் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியதிலிருந்து, நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் அந்த மரத்துக்குப் பெரிய பெயர் உண்டு. ஆனால் பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களை, எது எந்த மரம் என்று தெரியாதபடி 52 வாசிப்பாளர்களிடம் கொடுத்து லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் கிடைத்த மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

அடுத்து, 12ஆம் ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். தடித்த ஆறாம் கம்பிக்கு 2 முதல் 2.5 மில்லிமீட்டரும், மெல்லிய முதல் கம்பிக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டரும் இயல்பான அளவு. ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டால், ஏழாம் ஃப்ரெட் பக்கத்தில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு உரசி நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். கம்பி மிகத் தாழ்ந்திருந்தால் பலமாக அடிக்கும்போது ஃப்ரெட்டில் மோதி இரையும். அந்த இரைச்சலைக் கிட்டாரின் குணம் என்று நினைத்து நல்ல கிட்டாரை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. இது சரிசெய்யக்கூடிய குறை. பிரிட்ஜின் பின்விளிம்பு பலகையிலிருந்து எழும்பி, காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தால் மட்டும், ஓசை எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அந்தக் கிட்டாரை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருதல்

ஒப்பிட எடுக்கும் கிட்டார்கள் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. நான்காவதைக் கேட்கும்போது முதலாவது நினைவில் இருக்காது. மூன்றையும் செயலியின் துணையோடு ஒரே சுருதிக்குச் சேருங்கள். அரைச் சுரம் இறங்கி நிற்கும் கிட்டார் கம்பி தளர்ந்து மந்தமாகவே ஒலிக்கும். அதை வைத்து அதன் குரலை எடைபோடுவது அநியாயம்.

கம்பிகள் இன்னும் பெரிய சிக்கல். மாதக்கணக்கில் மாட்டியே கிடக்கும் கிட்டாரின் கம்பியை விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும், விரலில் கருமை ஒட்டும். அப்படிப்பட்ட கம்பியில், சுரத்தோடு சேர்ந்தெழுந்து பளபளப்பு தரும் மேல் ஒத்திசைகள் மடிந்துபோய், ஓசை மொத்தையாக வரும். பக்கத்துக் கிட்டாரில் நேற்று மாட்டிய கம்பி இருந்தால் ஒப்பீடே தவறிவிடும். தேர்வு இரண்டு கிட்டார்களுக்கு இடையே நெருங்கி நிற்கிறது என்றால், ஒரே கேஜில் இரண்டு புதிய தொகுதி கம்பிகளுக்கான பணத்தைக் கொடுத்து, இரண்டிலும் மாட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கிட்டாரின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. வாங்கப் போகிறவர் என்று தெரிந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அதற்கு வழியில்லை என்றால் கம்பி பழையது என்பதைக் குறித்துக்கொண்டு, மெல்லிய கம்பிகளின் பளபளப்பை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுங்கள்.

சத்தத்தை அளத்தல்

கம்பிகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பிரிட்ஜுக்கும் ஒலித்துளைக்கும் நடுவே மேற்பலகையை விரல் நுனிச் சதையால் தட்டுங்கள். ஏற்காட்டுச் சாலையோரத்தில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற அதே பக்குவத்தில் தட்டினால் போதும், அதற்குமேல் வேண்டாம். நல்ல பலகை ‘கும்’ என்று சற்று நீண்டு பதில் சொல்லும். தடித்த பலகை மேசையைத் தட்டியதுபோல் அப்போதே நின்றுவிடும்.

இசைக்கவை இருந்தால், கம்பிகளை மூடியபடியே, அதை முழங்காலில் தட்டி அதன் காம்பைப் பிரிட்ஜின்மேல் ஊன்றுங்கள். மூன்று கிட்டார்களிலும் இதைச் செய்து பார்க்கும்போது, எதில் ஓசை பெரிதாக எழுகிறது, எதில் கவையின் அதிர்வு சீக்கிரம் அடங்குகிறது என்பது தெளிவாகத் தெரியும். நான் பார்த்தவரை இரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஒரே கிட்டார்தான்: கவையின் ஆற்றலை விரைந்து வாங்கிச் சத்தமாக்குகிறது அது. கையின் பலம், வாசிப்புத் திறமை, கம்பியின் வயது எதுவும் குறுக்கே வராத சோதனை இது என்பதால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை உண்டு.

பிறகு போனை ஒரு நாற்காலியின்மேல் வைத்து, அதிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் ஒலித்துளை போனைப் பார்த்தபடி உட்காருங்கள். ஒரே ஜி மேஜர் கார்டைப் பிக்கால் ஐந்து முறை ஒரே பலத்தில் மேலிருந்து கீழாக அடித்து, செயலி காட்டும் உச்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு கிட்டார்களையும் இடம் மாறாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்து அளவெடுங்கள். போன் காட்டும் டெசிபெல் எண் தனியாகப் பார்த்தால் நம்பத்தக்கதல்ல, ஆனால் ஒரே போன் ஒரே இடத்தில் காட்டும் ஏற்றத்தாழ்வை நம்பலாம். ஒரு டெசிபெல் வித்தியாசத்தைக் காது அரிதாகவே உணரும். மூன்று என்றால் தெளிவாகத் தெரியும். சுமார் பத்து இருந்தால்தான் ஒன்று மற்றொன்றைப்போல் இரண்டு மடங்கு உரக்க ஒலிப்பதாகக் காதுக்குப் படும். ஒரே அளவிலான கிட்டார்களுக்குள் அவ்வளவு பெரிய வித்தியாசத்தை நான் பார்த்ததே இல்லை. பலர் ‘பயங்கர சவுண்டு’ என்று சொல்லி வாங்குவது இரண்டு மூன்று டெசிபெலுக்காகத்தான்.

அந்த மூன்று டெசிபெல் காதை ஏமாற்றவும் செய்யும். ஓசை கூடக்கூட, தாழ்ந்த சுரங்களை நம் காது மேலும் நன்றாக ஏற்கிறது என்பதை 1933இலேயே பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். ஆகவே சற்று உரக்க ஒலிக்கும் கிட்டார், உண்மையில் அப்படி இல்லாவிட்டாலும், கனமான, நிறைவான குரல் கொண்டதாகத் தோன்றும். நாதத்தை ஒப்பிடும்போது உரத்த கிட்டாரைச் சற்று மெதுவாக அடித்து, இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நாதத்தைக் கேட்டல்

இதற்கு அவசரமே கூடாது. மேலே சொன்னவற்றுக்கெல்லாம் அரை மணி நேரம் போதும் என்றால், இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிக்கை வைத்துவிட்டு, கட்டைவிரல் சதையால் முடிந்தவரை மெல்ல மீட்டுங்கள். பக்கத்தில் குழந்தை தூங்குகிறது என்று எண்ணிக்கொண்டு மீட்ட வேண்டும். நல்ல கிட்டார் அந்த மெல்லிய தொடுதலிலும் ஆறு கம்பிகளின் சுரத்தையும் முழுமையாகச் சொல்லும். சுமாரான கிட்டாரில் விரல் உரசும் ஓசைதான் முன்னே வரும். இரவில், வீட்டார் உறங்கிய பிறகு வாசிப்பவர்களே நம்மில் அதிகம் என்பதால் இந்தச் சோதனையை நான் எதற்காகவும் விடுவதில்லை. அங்கிருந்து படிப்படியாகப் பலத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில், இன்னும் பலமாக அடித்தாலும் சத்தம் கூடாமல் கம்பி அறைவதுபோன்ற ஓசை மட்டும் கூடும். அந்த எல்லை எங்கே வருகிறது என்று பாருங்கள். மிக மெல்லிய தொடுதலுக்கும் அந்த எல்லைக்கும் இடைப்பட்ட தூரம் எந்தக் கிட்டாரில் அகலமோ, அதில்தான் பாடலின் உணர்ச்சிக்கேற்ப ஏறி இறங்கி வாசிக்க முடியும்.

அடுத்து முதல் கம்பியின் 12ஆம் ஃப்ரெட்டை அழுத்தி ஒருமுறை மீட்டிவிட்டு, கையை அசைக்காமல் கேளுங்கள். பெரும்பாலான கிட்டார்களின் பலவீனம் இங்கேதான் வெளிப்படும். மனத்துக்குள் நொடிகளை எண்ணுங்கள். அதைவிட முக்கியமாக, சுரம் எப்படி அடங்குகிறது என்று கவனியுங்கள். சில கிட்டார்களில் ‘டிங்’ என்று எழுந்து ஒரு நொடியில் கம்பியின் உலோகச் சத்தம் மட்டும் மிஞ்சும். சிலவற்றில் எழுச்சி சாதாரணமாகவே இருக்கும். ஆனால் மெல்ல மெல்லத் தேய்ந்து, மணியின் ரீங்காரம்போல உருண்டையாக மறையும். இரண்டாவது வகையைக் கேட்டுவிட்டால் முதல் வகையைக் கையில் எடுக்க மனம் வராது. கர்நாடக இசைக் கச்சேரிகளில் தம்புராவின் கார்வையைக் கூர்ந்து கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு ஒரே மீட்டலில் பிடிபடும்.

பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக 12 வரை ஒரே பலத்தில் மீட்டிக்கொண்டே போங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் ஏதாவது ஒரு சுரம் மட்டும் திடீரென்று பொங்கி எழுந்து சட்டென்று செத்துப்போனால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரெட்னாட் எனப்படும் பெரிய உடல் கிட்டார்களில் உட்காற்று இயல்பாக அதிரும் இடம் சுமார் 100 ஹெர்ட்ஸ், மேற்பலகை அதிரும் இடம் சுமார் 200 ஹெர்ட்ஸ் என்பதால், ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் பக்கத்திலும், மூன்றாம் கம்பியை அழுத்தாமல் மீட்டும் இடத்தின் பக்கத்திலும் இந்தப் பொங்கல் சிறிதளவு இருப்பது இயற்கை. நீங்கள் அடிக்கடி பாடும் சுருதி அந்தச் சுரத்தின்மேல் விழுந்து, அது ஒவ்வொரு முறையும் உறுத்தினால் மட்டும் அந்தக் கிட்டாரைத் தவிருங்கள்.

கார்டுகளில் கேட்க வேண்டியது தெளிவு. ஏ மைனர் கார்டைப் பிடித்து, ஒவ்வொரு கம்பியாக மீட்டி, எல்லாவற்றையும் ஒலிக்க விட்டுவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கூட்டோசைக்குள் இரண்டாம் கம்பியின் சுரத்தை மட்டும் காதால் பிரித்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நல்லது. எல்லாம் குழம்பிக் கூழாகிவிட்டால், அடித்து வாசிக்கும்போது அந்தக் கிட்டார் பாடுபவரின் குரலையும் அதே குழப்பத்துக்குள் இழுத்துவிடும். நீங்கள் பாடிக்கொண்டே வாசிப்பவராக இருந்தால், கூச்சப்படாமல் கடையிலேயே இரண்டு வரி பாடிப் பாருங்கள். தனியே கேட்கும்போது சற்று மெலிந்ததாகத் தோன்றிய கிட்டார், குரலோடு சேரும்போது மிகப் பொருத்தமாக அமைந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

திரும்பி உட்கார்ந்து கேட்டல்

கிட்டாரின் ஓசை முன்னோக்கிப் போகிறது; வாசிப்பவர் அதன் பின்னால், விளிம்புக்கு மேலிருந்து கேட்கிறார். ஆகவே நீங்கள் கேட்பதும் எதிரில் இருப்பவர் கேட்பதும் ஒன்றல்ல. தனியாகப் போயிருந்தால், சுவரைப் பார்த்து ஒன்றரை அடி தூரத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை எதிரில் இருப்பவருக்குக் கேட்பதை ஓரளவு காட்டிவிடும்.

உடன் ஒருவர் வந்திருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி முதுகைக் காட்டி உட்காருங்கள். அவர் மூன்று கிட்டார்களையும், எது எது என்று சொல்லாமல், ஒரே மெட்டை ஒரே பலத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு முறை வரும்படி வரிசை மாற்றி ஆறு முறை வாசிக்கட்டும். ஒவ்வொரு முறைக்கும் பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ஒரே கிட்டாருக்கு இரண்டு முறையும் நெருங்கிய மதிப்பெண் கொடுத்திருந்தால் உங்கள் காது உண்மையாகவே எதையோ கேட்டிருக்கிறது. ஒருமுறை எட்டும் மறுமுறை நான்கும் கொடுத்திருந்தால் அந்தக் கிட்டார்களுக்கிடையே உங்களுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை; மலிவானதை நிம்மதியாக வாங்கலாம். என் நண்பரின் மகளுக்காக இப்படிச் சோதித்தபோது, பளபளக்கும் கறுப்பு வண்ணத்துக்காக அவள் கடைக்குள் நுழைந்ததுமே தேர்ந்துவிட்ட கிட்டாருக்கு, அவள் கையாலேயே இரண்டு முறையும் கடைசி இடம் கிடைத்தது. சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு முறையும் முதலிடம் பெற்ற பழுப்பு நிறக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போனில் பதிவு செய்து ஒப்பிடுவதை நான் பெரிதும் நம்புவதில்லை. பெரும்பாலான போன்கள் மெல்லிய ஓசையைத் தூக்கியும் உரத்த ஓசையை அமுக்கியும் பதிவு செய்வதால், நாம் தேடும் ஏற்றத்தாழ்வே அதில் மறைந்துவிடுகிறது.

மலைக்கும் சமவெளிக்கும் இடையே

சேலத்தில் வாங்கி ஏற்காட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரம் காற்றின் ஈரத்தை வாங்கி ஊதும், விட்டுச் சுருங்கும். முழுப்பலகைக் கிட்டார்களுக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் உகந்தது என்பார்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில் அதற்குக் கீழே போய்விடும். மழைக்காலத்தில் ஏற்காட்டில் மூடுபனி வாசலுக்குள்ளேயே வரும்போது அதைவிட வெகுவாக ஏறிவிடும். ஈரம் ஏறிய கிட்டாரின் மேற்பலகை சற்றே புடைத்து, கம்பியின் உயரம் கூடி, ஓசை கனத்து மந்தமாகும். வறண்ட கிட்டார் கடையில் வழக்கத்தைவிடத் துள்ளலாக ஒலிக்கும். பலகை தாழ்ந்து கம்பிகள் இரையவும் தொடங்கியிருக்கும். கோடையில் வாங்கும்போது கழுத்தின் ஓரத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். ஃப்ரெட்டுகளின் முனை கையில் குத்தினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். அன்று கேட்கும் ஓசை மழைக்காலத்தில் அப்படியே இருக்காது.

இந்தக் காரணத்தால், மலையில் வசிப்பவர்கள் ஒட்டுப்பலகைக் கிட்டாரை வாங்குவதில் குறையொன்றும் இல்லை. அதன் உச்சக் குரல் சற்றுக் குறைவானாலும், பருவம் மாறும்போது அது அவ்வளவாக மாறாது. முழுப்பலகைதான் வேண்டும் என்பவர்கள், மூடும் பெட்டியோடு சேர்த்து வாங்கி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களையும் சிறிய ஈரமானி ஒன்றையும் போட்டு வைக்கட்டும்.

கொண்டுபோகும்போது, கம்பிகளை ஒரு சுரம் இறக்கிவிட்டு, காரின் டிக்கியில் வைக்காமல் பின் இருக்கையில் படுக்க வையுங்கள். அடிவாரத்தில் சாப்பிட இறங்கும்போது கிட்டாரையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் மூடிக்கிடக்கும் காருக்குள் ஏறும் சூட்டில் பிரிட்ஜை ஒட்டியிருக்கும் பசை இளகக்கூடும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வீடு சேர்ந்ததும் பெட்டியை உடனே திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் மரம் மலைக் குளிருக்குப் பழக ஒரு மணி நேரம் விட்டுவைத்துத் திறந்து, சுருதி சேர்த்து, முதல் கம்பியின் 12ஆம் ஃப்ரெட்டை மீண்டும் ஒருமுறை மீட்டிக் கேளுங்கள். மாற்றித் தருவதற்குக் கடைக்காரர் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கியிருந்தால், அந்த நாட்கள் முழுவதும் காலையிலும் இரவிலும் இதே மீட்டலைக் கேட்டுவிட்டு, பிறகு பில்லைப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம்.